ஒரு குளமும் ஐந்து பேரும்: எங்கள் விளையாட்டுக்குக் களம் தேடிய அனுபவம்

எங்கள் முதல் களம், அதாவது நாங்கள் கதை சொல்லி ஆடும் விளையாட்டின் கற்பனை உலகம், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துபோனது. இரண்டாவது களம் இரண்டு கிழமை தாக்குப்பிடித்தது. மூன்றாவதில் இப்போது பதினான்காவது அமர்வுக்கு வந்திருக்கிறோம். இந்த மூன்றாவதை எப்படிக் கண்டுபிடித்தோம், எங்கெல்லாம் பிழை விட்டோம், எதைத் திருத்தினோம் என்று எழுதி வைக்கிறேன். வன்னியில் வேறு எந்த விறாந்தையிலாவது நாலு பேர் சேர்ந்து இப்படி விளையாட நினைத்தால் உதவும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் தாயக்கட்டை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்தான் இந்த வகையில் அச்சில் வந்த முதலாவது. எனக்கு இதைப் பழக்கியவர் கனடாவில் இருக்கும் மச்சான், வீடியோ அழைப்பில். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் கூடுகிறோம்: நான், பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர், லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம் திருத்தும் தம்பி, ஏ.எல். எழுதி முடித்த ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும். கதை நடத்துபவரை ஆங்கிலத்தில் டன்ஜன் மாஸ்டர் என்கிறார்கள். எங்கள் மேசையில் அந்தப் பெயர் ஒரு நாளும் ஒட்டவில்லை. இரண்டாம் கிழமையே அக்கா என்னை 'அண்ணாவியார்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். கூத்துப் பழக்குகிறவருக்கு உள்ள பெயர். ஏடு இல்லாத கூத்து என்று வைத்துக்கொண்டால் சரியான பெயரும்தான்.

முதலில் எடுத்தது வெளியே ஆயத்தமாகக் கிடைத்த களம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்பது எட் கிரீன்வுட் சிறுவயதிலிருந்தே கற்பனை செய்து வளர்த்த உலகம். 1987இல் விளையாட்டுக் களமாக அச்சில் வந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பலர் சேர்த்துச் சேர்த்து, நகரம் நகரமாக, தெருத் தெருவாக விரிந்து கிடக்கிறது. மச்சான் அதில் ஒரு மூலையைக் காட்டித் தந்தார்: பனி மூடிய மலைக் கணவாய், அடியில் ஒரு சத்திரம், சத்திரத்துக்குப் பின்னால் இடிந்த கோட்டை. நான் இரவிரவாக வாசித்தேன். நல்ல உலகம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை வந்தது வேறு இடத்தில். வாசித்தது நான் ஒருவன்தான். 'சத்திரத்தில என்ன சாப்பாடு இருக்கும்?' 'பனியில எவ்வளவு நேரம் நடக்கலாம்?' 'இந்த ஊர்ச் சனம் இரவில கதவு பூட்டுமோ?' எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு குறிப்புக் கொப்பியைப் புரட்டினால், மூன்று கிழமையும் அவர்கள் கேட்டதும் நான் சொன்னதுமாகவே இருக்கிறது. அவர்களாக ஒன்றைத் தொடங்கி வைத்த இடம் ஒன்றுகூட இல்லை. களம் முழுவதும் ஒருவன் கையில் இருந்தால் மற்ற நாலு பேரும் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் களத்தை மூடியது இந்தக் குறை அல்ல. மூன்றாம் ஞாயிறு இடிந்த கோட்டைக்குள் போனார்கள். இந்த வகை விளையாட்டில் நிலத்தடிப் பொறிகள் மிகச் சாதாரணம். ஒரு கல்லில் கால் வைத்தால் ஏதோ நடக்கும். நானும் வைத்திருந்தேன். திருத்து வேலைத் தம்பியின் பாத்திரம் முன்னால் போனது. 'காலுக்குக் கீழே கல் சற்றே இறங்குகிறது, ஒரு கிளிக் சத்தம் கேட்கிறது' என்றேன். மேசை அப்படியே நின்றுவிட்டது. தம்பி தன் காலைப் பார்த்தான். அவனுடைய மாமா ஒருவர் மீள்குடியேறிய ஆண்டில் விறகுக்குப் போய், பாதமில்லாமல் திரும்பி வந்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியைச் சொல்லியிருக்கிறேன். கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி வைத்தோம். அன்றைக்கு அதற்குமேல் விளையாடவில்லை.

அடுத்த ஞாயிறு ஆளுக்கு நாலு கடதாசித் துண்டு கொடுத்தேன். 'இந்த மேசையில் எது வரக்கூடாது? பெயர் எழுத வேண்டாம்.' துண்டுகளை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு, கலக்கி, நானே வாசித்தேன். மற்ற ஊர்களில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்களும் தொடங்குமுன் இப்படி ஒரு நாள் கூடிப் பேசுவது வழக்கம். பூச்சிய அமர்வு என்பார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியதை நான் நாலாவது கிழமைதான் செய்தேன். துண்டுகளில் இருந்தவை: நிலத்துக்குள் புதைத்து வைத்த எதுவும் வேண்டாம். வானத்திலிருந்து விழும் எதுவும் வேண்டாம். காணாமல் போனவரைத் தேடும் கதை வேண்டாம். ஊர் முழுவதும் ஒரே இரவில் மூட்டை கட்டிப் புறப்படும் காட்சி வேண்டாம். கடைசியாகச் சொன்னது மூன்று துண்டுகளில் வந்தது. சாகச விளையாட்டுகளின் தொடக்கக் காட்சிகளில் பாதி இந்த நாலு வரிக்குள் அடிபட்டுப் போகும். அந்தத் தாளை இன்றைக்கும் வரைபடத்தின் பின்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். களம் தேடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன். அழகான உலகம் எது என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

இரண்டாவது களம் எங்கள் வரலாறு. ஏ.எல். தம்பியின் யோசனை. ஆண்டு 1803, வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் காலம். பனங்காமம், மேற்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்று வன்னிமைகளின், அதாவது அந்தக் கால வன்னிச் சிற்றரசுகளின், பெயர்களே ஒரு விளையாட்டு வரைபடம் போல இருக்கின்றன. திறையாக யானை கொடுத்த நாடு, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, முல்லைத்தீவில் வெள்ளைக்காரனின் கோட்டை. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தோம். இரண்டே கிழமையில் தெரிந்துவிட்டது. அந்தக் கதையின் முடிவு கற்சிலைமடுவில் கல்லில் வெட்டிக் கிடக்கிறது. பண்டாரவன்னியன் தோற்ற 1803 ஒக்டோபர் 31 என்ற தேதி எல்லோருக்கும் தெரியும். ஓகஸ்டில் கோட்டையைப் பிடித்த சந்தோசத்தைக்கூட அவர்களால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. 'அண்ணா, எப்படியும் தோற்கத்தானே போறம்' என்றாள் தங்கச்சி. அதோடு, எல்லோரும் மதிக்கிற ஒரு பெயரின் வாயில் சொல் போடவேண்டி வரும்போதெல்லாம் நான் தடுமாறினேன். மதிப்புள்ள இடத்தில் கை கூசுகிறது. விளையாட்டுக்கோ கூசாத கை வேண்டும்.

மூன்றாவது களம் ஒரு பேச்சிலிருந்து வந்தது. அன்றைக்கு அக்கா நேரம் பிந்தி வந்தார். அவருடைய ஐயாவோடு சிறுபோகக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். குளத்தில் இத்தனை அடி தண்ணீர், ஆகவே இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம், யாருக்கு எத்தனை பங்கு என்று முடிவெடுக்கும் கூட்டம். அங்கு நடந்ததை அவர் சொல்லத் தொடங்கினார். அவ்வளவுதான், நாலு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். தலைமடைக்காரர் இரவில் வாய்க்காலை மறிப்பது, கடைமடையில் பயிர் கருகுவது, யானை வந்து குளக்கட்டில் நிற்பது, 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்தபோது வெள்ளம் எந்த வீட்டின் எந்தப் படி வரை வந்தது என்பது. அரை மணித்தியாலம் நான் வாய் திறக்கவில்லை. மூன்று கிழமையாகக் கேள்வி மட்டும் கேட்டவர்கள், இப்போது ஒருவர் சொல்வதை மற்றவர் வெட்டித் திருத்துகிறார்கள். கொப்பியில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: குளம்.

எங்கள் களம் ஒரு குளம். அதற்குமேல் ஒன்றுமில்லை. குளத்தின் கீழே ஐந்து ஊர்கள், மேலே காடு. பெயர் கூடைமண்குளம். பூதங்கள் ஒரே இரவில் கட்டியது. விடியுமுன் கடைசிக் கூடை மண்ணைப் போடமுன் சேவல் கூவிவிட்டது. ஆகவே குளக்கட்டில் ஒரு கூடையளவு பள்ளம் எந்நாளும் இருக்கிறது. எத்தனை முறை மண் போட்டு நிரப்பினாலும் நிற்காது. குளக்கோட்டன் பூதங்களைக் கொண்டு கந்தளாய்க் குளம் கட்டுவித்த கதையைச் சின்னதில் கேட்டவர்கள் நாங்கள். அதனால் இந்தக் கதை யாருக்கும் விளக்கம் கேட்கவில்லை.

உலகத்தைச் சிறிதாக்கியதில்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. பழக்கத்தில் முதலில் பெரிதாகவே வரைந்துவிட்டேன். பிரிஸ்டல் போட்டில் கவராயத்தால் வட்டம் போட்டு, அதே ஆரையால் ஆறு தரம் வெட்டினால் அறுகோணம் வரும். அப்படிக் கட்டங்கள் போட்டேன். இந்த விளையாட்டுகளில் ஒரு கட்டம் ஆறு மைல் என்பது பரவலான வழக்கம். மைலை நாங்கள் கட்டை என்போம். நானும் ஒரு கட்டம் ஆறு கட்டை என்று வைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தால், கிளிநொச்சியிலிருந்து வவுனியாவே ஏறத்தாழ ஐம்பது கட்டைதான். ஒன்பது கட்டத்துக்குள் அடங்கிவிடும். நான் வரைந்ததோ இருபது கட்டம். அந்தத் தாளை அப்படியே திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் ஒரு கட்டம் ஒரு கட்டை என்று புதிதாகத் தொடங்கினேன். பன்னிரண்டு கட்டம் நீளம், ஒன்பது கட்டம் அகலம். நடந்து போனால் ஒரு நாளில் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம். இந்த அளவில்தான் 'அந்த மருதமரத்தடி' என்று ஒருவர் சொன்னால் மற்ற நாலு பேருக்கும் எந்த மரம் என்று தெரிகிறது.

பிறகு கட்டங்களைப் பங்கிட்டோம். ஆளுக்கு ஓர் ஊரும் அதைச் சுற்றிய காடோ வயலோ. யாருடைய பங்கோ அவர் சொல்வதுதான் அங்கே முடிவு. அண்ணாவியாரும் மீற முடியாது. இந்த ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றியது. பெயர் வைப்பதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒட்டுசுட்டான் என்ற பெயருக்கு, குரக்கன் ஒட்டைச் சுட்டபோது லிங்கம் வெளிப்பட்ட இடம் என்று கதை சொல்வார்கள். அதுபோல, ஊர்ப் பெயரின் முன்பாதி அங்கே நடந்த ஒன்றாக இருக்க வேண்டும். பின்பாதி குளம், மடு, மோட்டை, முறிப்பு என்று தரையைச் சொல்ல வேண்டும். திருத்து வேலைத் தம்பியின் ஊர் வண்டில்தாண்டமடு. அக்காவின் ஊர் பொய்ச்சத்தியமோட்டை. அந்தப் பெயரைச் சொன்ன உடனேயே அங்கே என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் இன்னும் சொல்லவில்லை. பெயர் சரியாக அமைந்தால் கதை தானாக வந்து வாசலில் நிற்கிறது.

பாத்திரத் தாளில் ஒரு பிழை வந்தது. விதிகளை நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 400 பக்கம். யாரும் எடுத்து மாற்றலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். களங்கள் அப்படித் திறந்துவிடப்படவில்லை. சொந்தக் களம் கட்டுகிறவருக்கு இது ஒரு கூடுதல் காரணம். அந்தத் தாளில் ஒரு கட்டம், எல்ஃப், குள்ளர், மனிதர் என்று தேர்ந்தெடுப்பதற்கானது. ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்று இருந்ததை நான் 'இனம்' என்று எழுதிவிட்டேன். அக்கா தாளைக் கையில் எடுத்தார். 'பெயர், இனம், பிறந்த இடம்... இதென்ன, பதிவுக்குக் குடுக்கிற படிவம் மாதிரிக் கிடக்கு' என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அது தெரிந்தது. பிறப்பால் ஒருவனுக்குப் பலம் கூட, மற்றவனுக்குக் குறைய என்று எண்கள் வேறு பக்கத்தில். அந்த விளையாட்டைத் தயாரிப்பவர்களே 2024 பதிப்பில் 'ரேஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஸ்பீசீஸ்' என்று மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் கட்டத்தையே வெட்டிவிட்டோம். அந்த இடத்தில் இப்போது இரண்டு கேள்விகள்: எந்த ஊர்? கை என்ன வேலைக்குப் பழகியது? தேன் எடுக்கிறவருக்கு மரமேற்றத்தில் எண் கூடும். யானை பிடிக்கிற பணிக்கருக்கு யானையின் மனம் தெரியும். வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை மதயானையைக் கட்டிய கதை வன்னியில் ஒப்பாரியாகப் பாடப்பட்டது. தங்கச்சிக்கு அவளுடைய பாட்டி சொல்லியிருக்கிறார். அவள் எடுத்த பாத்திரம் ஒரு பெண் பணிக்கர்.

தெய்வங்களைப் பற்றியும் ஓர் அமர்வு முழுக்கக் கதைத்தோம். வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் நீரில் விளக்கெரிவது போன்ற ஒன்றை மந்திரமாக வைக்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். எங்களில் இரண்டு பேர் வைகாசிப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். குளக்கட்டில் ஐயனார் இருக்கிறார். குளக்கட்டு என்றால் ஐயனார் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பேசமாட்டார், அவருக்கு எண் எழுதப்படாது. விளக்கு வைத்துவிட்டுப் போகலாம். அவ்வளவுதான்.

ட்ராகன் பிரச்சினை இப்படி லேசில் தீரவில்லை. ஏ.எல். தம்பிக்கு ட்ராகன் வேண்டும். அதற்காகத்தான் அவன் வந்ததே. ஆனால் வானத்திலிருந்து எதுவும் விழக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மேலே பறந்து நெருப்புக் கொட்டுவது அதற்குள் நேராக விழுகிறது. அவன் ஒரு கிழமை யோசித்துவிட்டு வந்து, தன் பங்குக் கட்டமான அலைகரையைக் காட்டினான். ட்ராகன் பறக்காது. குளத்தின் அடிச் சேற்றில் உறங்குகிறது. நெருப்பு இல்லை. அது மூச்சு விட்டால் தண்ணீர் வற்றும். குளம் நிறைந்திருக்கும்வரை அது தூக்கம். அந்த ஒரு வசனத்தில் களம் முழுவதும் பூட்டிக்கொண்டது. வயலுக்குத் தண்ணீர் விட்டால் பயிர் பிழைக்கும், ட்ராகனின் முதுகு தெரியும். விடாவிட்டால் ட்ராகன் உறங்கும், கடைமடை கருகும். இனிச் சண்டைக்கு வெளியே இருந்து வில்லன் தேவையில்லை. தடை எழுதிய துண்டு இல்லாவிட்டால் இந்த ட்ராகன் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே வரைபடத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோல் வரைந்தேன். நிறைகுளம் 12 அடி. 9 அடிக்குக் கீழே கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. 6 அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய துருசு (மதகு) தலை காட்டும். 3 அடியில் முதுகு. ஒவ்வோர் அமர்வுக்கும் ஓரடி குறைப்பது என்று வைத்தேன். இது பிழையாகிவிட்டது. ஆறாவது அமர்வு முடிய 6 அடிக்கு வந்துவிட்டோம், கதைக்குள்ளோ நாலு நாள்தான் போயிருந்தது. திருத்து வேலைத் தம்பி சொன்னான்: 'நாலு நாளில ஆறடி இறங்கிற குளம் எண்டா கட்டு உடைஞ்சிருக்க வேணும், அண்ணா. ஆரோ வெட்டிப்போட்டாங்கள்.' அவன் சொன்னது சரி. இறங்கிய ஆறடியில் மூன்றடியை அந்த வெட்டாகவே கதைக்குள் எடுத்துக்கொண்டோம். யார் வெட்டியது என்பது அடுத்த மூன்று அமர்வுகளை நடத்தியது. அளவை 9 அடிக்குத் திருத்தினேன். இப்போது கோல் அமர்வைப் பார்த்து இறங்குவதில்லை. ஒரு முறைத் தண்ணீர் விட்டால் அரை அடி, மழையில்லாத ஒரு மாதத்துக்கு இன்னோர் அரை அடி. மழை வந்தால் தாயக்கட்டை சொல்லும். தண்ணீர் விடுவதா இல்லையா என்பதை ஐந்து ஊரும் ஐயனார் கோயிலடியில் கூடித் தீர்மானிக்க வேண்டும். அந்த முதல் கூட்டம் இரண்டரை மணித்தியாலம் நடந்தது. ஒரு வாள் உருவப்படவில்லை, ஒரு தாயக்கட்டை உருளவில்லை. நாங்கள் விளையாடியதில் மிக நல்ல அமர்வு அதுதான்.

தாயக்கட்டை பற்றி ஒரு சின்னக் குறிப்பு. இருபது முகக் கட்டை எனக்கு இங்கே கிடைக்கவில்லை. முதலில் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ரின்னுக்குள் போட்டு எடுத்தோம். பிறகு லூடோவின் மூன்று சாதாரணக் கட்டைகளுக்கு மாறினோம். சராசரி இரண்டுக்கும் 10.5தான். ஆனால் மூன்று கட்டையில் எண்கள் நடுவில் குவியும். 13 அல்லது மேலே விழும் வாய்ப்பு இருபதில் 40 சதவீதம், மூன்று கட்டையில் ஏறத்தாழ 26. இதைக் கவனிக்காமல் இரண்டு கிழமை எல்லோரையும் தோற்கடித்துவிட்டேன். 13 கேட்ட இடங்களில் 12 என்று மாற்றினால் 37.5 சதவீதம், கிட்டத்தட்டச் சமன்.

ஏ.எல். தம்பிக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அலைகரையும் கிழக்குப் பக்கக் காடும் அவன் பங்கு. விதிப்படி அவன் சொல்லாமல் அங்கே யாரும் ஒன்றும் வைக்க முடியாது. அதை வேறு ஒருவருக்கு மாற்றலாமா என்று கேட்டேன். மற்ற மூன்று பேரும் மறுத்துவிட்டார்கள். இப்போது சனிக்கிழமை இரவுகளில் அவன் குரல் பதிவு அனுப்புகிறான். பின்னால் பஸ் சத்தம் கேட்கும். போன கிழமை அனுப்பியதில், பாலைப்பழக் காலத்தில் கரடிகள் இறங்கும் ஒரு மேடும், அதற்கு அப்பால் உப்பு மணக்கும் ஒரு வெளியும் இருக்கிறதாம். கோல் இப்போது ஆறரை அடியில் நிற்கிறது. இந்த ஞாயிறு ஒரு முறைத் தண்ணீர் விடக் கூட்டம் தீர்மானித்தால் பழைய துருசு தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவன் இன்னும் சொல்லவில்லை. மேட்டையும் வெளியையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். துருசு இருக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.